பழைய இறக்கையா, புதிய இறக்கையா, பிறர் விமானமா: போட்டிக்கு முன் ஒரு காஸட்டைச் சீரமைக்கும் வழிகள்

சென்ற நவம்பரில் என் நண்பர் ஒரு காஸட் பந்தய விமானத்தை வாங்கினார். ஏழு ஆண்டுகள் ஒரு ஹேங்கரின் மூலையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த அது, சக்கரங்களில் காற்று இறங்கி, எஞ்சின் மூடிக்குள் எலி கூடு கட்டி, ஆனால் உறுப்பு ஒன்றும் குறையாமல் அவர் கைக்கு வந்து சேர்ந்தது. வருகிற செப்டம்பரில் நியூ மெக்சிகோ மாநிலத்து ராஸ்வெல்லில் நடைபெறும் தேசிய விமானப் பந்தயத்தின் ஃபார்முலா ஒன் பிரிவில் அதை ஓட்டிவிட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். வெல்டிங் வேலைக்கு உதவுவதாக ஒப்புக்கொண்டிருந்த நான், ஒரு திருகைக்கூடக் கழற்றுவதற்கு முன் எதிரே உள்ள வழிகளைத் தாளில் எழுதி ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்றேன். அந்த ஒப்பீடு இதே நிலையில் நிற்கும் வேறு சிலருக்கும் பயன்படக்கூடும் என்பதால் அதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

வழிகள் மூன்று. முதலாவது, இருக்கிற விமானத்தை இருக்கிற இறக்கையோடு நன்றாகச் சீரமைத்து, காற்று கசியும் இடங்களை அடைத்து, அப்படியே பந்தயத்துக்குக் கொண்டு செல்வது. இரண்டாவது, உடலை மட்டும் வைத்துக்கொண்டு, நீண்டு ஒடுங்கிய புதிய இறக்கை ஒன்றைக் கட்டிப் பொருத்துவது. மூன்றாவது, இதை ஓரமாக வைத்துவிட்டு, ஏற்கெனவே பந்தயங்களில் பறந்துகொண்டிருக்கும் விமானம் ஒன்றை வாங்குவது. முற்றிலும் புதிய விமானம் ஒன்றைக் கட்டுவது என்ற நான்காவது வழியை ஐந்து நிமிடத்தில் அடித்துவிட்டோம். ஜான் ஷார்ப்பின் நெமிசிஸ் என்ற பந்தய விமானம் 1991 முதல் 1999 வரை தான் பறந்த 48 போட்டிகளில் 45-ஐ வென்று இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அத்தகைய ஒன்றை எட்டு மாதத்தில் வார இறுதிகளில் இருவர் கட்டிவிட முடியாது.

இந்தப் பிரிவின் விதிகளை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் ஒப்பீட்டின் பாதி விடை அவற்றிலேயே இருக்கிறது. 1947-இல் கிளீவ்லாந்தில் குட்இயர் நிறுவனத்தின் ஆதரவோடு தொடங்கிய சிறு விமானப் பந்தயத்திலிருந்து வளர்ந்தது இது. இறக்கைப் பரப்பு 66 சதுர அடிக்குக் குறையக் கூடாது. வெற்று எடை 500 பவுண்டுக்கு, அதாவது 227 கிலோவுக்குக் குறையக் கூடாது. சக்கரங்கள் உள்ளே மடங்கக் கூடாது. புரொப்பெல்லரின் இதழ்க்கோணம் பறக்கும்போது மாறக் கூடாது. எஞ்சின், 1968 முதல், கான்டினென்டல் ஓ-200. நான்கு சிலிண்டர், சுமார் 200 கன அங்குலக் கொள்ளளவு, தொழிற்சாலைக் கணக்கில் நிமிடத்துக்கு 2,750 சுற்றில் 100 குதிரைத் திறன். எல்லோரிடமும் ஒரே எஞ்சின்தான் என்பதால், பணத்தைக் கொட்டித் திறனை வாங்க முடியாது. எடைக்கும் கீழ்வரம்பு இருப்பதால், ஒரு கட்டத்துக்கு மேல் இளைக்கவும் முடியாது. மிஞ்சுவது காற்றை எவ்வளவு குறைந்த தொல்லையோடு கிழித்துச் செல்கிறோம் என்பதும், ஓட்டுபவர் எவ்வளவு சுத்தமாகத் திரும்புகிறார் என்பதும்தான்.

காஸட் இந்த விதிகளுக்கென்றே பிறந்த விமானம். டி.டபிள்யூ.ஏ. என்ற அமெரிக்க விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் விமானியாக இருந்த டாம் காஸட் 1954-இல் உருவாக்கியது. உடல் உருக்குக் குழாய்களை வெல்டிங் செய்து துணி போர்த்தியது. இறக்கை மரத்தால் ஆனது, ஒட்டுப்பலகை வேய்ந்தது, நுனிக்கு நுனி ஏறத்தாழ 15 அடி. அதாவது ஒரு தச்சரும் ஒரு வெல்டரும் சேர்ந்தால் இதில் பழுதுபார்க்க முடியாத பகுதி என்று அதிகம் இல்லை.

இனி நாள்கணக்கு. பந்தயம் செப்டம்பரில் என்றாலும், புதிதாக வரும் ஓட்டிகள் வழக்கமாக ஜூனில் நடக்கும் பைலான் (பந்தயப் பாதையைக் குறிக்கும் கம்பம்) பந்தயப் பயிற்சி முகாமில் தேறினால்தான் செப்டம்பரில் கலந்துகொள்ள முடியும். அந்த முகாமுக்குத் தன் விமானத்தோடு போக விரும்பும் ஒருவர், அதில் குறைந்தது மே மாதம் முழுவதும் பறந்து பழகியிருக்க வேண்டும். ஆகவே விமானம் ஏப்ரல் முடிவுக்குள் தரையை விட்டு எழும்ப வேண்டும். சனவரி தொடக்கத்திலிருந்து எண்ணினால் 17 வார இறுதிகள். ஆளுக்கு 12 மணி என்று இருவருக்கு வாரம் 24 மணி. மொத்தம் 408 மணி. இந்த எண்ணை ஹேங்கர்க் கதவின் உட்புறத்தில் சுண்ணக்கட்டியால் பெரிதாக எழுதிவைத்தோம். எந்த வழி எத்தனை மைல் வேகம் தரும் என்று கேட்பதை விட, எந்த வழி இந்த 408-க்குள் அடங்கி, மே மாதத்தில் அவரைப் பறக்கவைக்கும் என்று கேட்பதே சரியான கேள்வி என்று நான் கருதினேன், இப்போதும் கருதுகிறேன்.

முதல் வழியில் இறங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இறக்கையைப் பற்றியது. மர இறக்கை வெளியே பளபளவென்று இருந்து உள்ளே பசை விட்டுப்போயிருக்கக் கூடும். ஒட்டுப்பலகையின் மேல் ஒரு நாணயத்தின் விளிம்பால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால், நன்றாக ஒட்டியிருக்கும் இடம் ‘டக்’ என்று இறுக்கமாகப் பேசும். பசை விட்ட இடம் காலி டப்பா போலத் தொளதொளக்கும். இறக்கையின் குறுக்குச் சட்டங்களான ரிப் ஒவ்வொன்றின் மேலும் அப்படித் தட்டிச் சந்தேகமான இடங்களில் பென்சிலால் வட்டமிட்டோம். பிறகு, இறக்கையை உடலோடு பிணைக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, இறக்கையின் நீளவாக்கில் ஓடும் முதன்மை உத்தரமான ஸ்பாரின் துளைகளுக்குள் விளக்கைப் பிடித்துப் பார்த்தோம். துளை வட்டமாகவே இருந்தால் நல்லது. முட்டை வடிவமாக நீண்டிருந்தால் போல்ட் ஆடியிருக்கிறது என்று பொருள். சுற்றிலும் கருமை படர்ந்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். எங்கள் நல்வினை, துளைகள் வட்டமாகவும் மரம் வெளிர்நிறமாகவும் இருந்தன. நாணயம் காட்டிய இரண்டு இடங்களும் பின்விளிம்பில், ஸ்பாருக்குத் தொடர்பில்லாத பகுதியில் இருந்தன. ஸ்பார் தேறாமல் போயிருந்தால் இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதியே வேறாக இருந்திருக்கும். ஆகவே, மற்ற எந்த வேலைக்கும் முன் ஒரு வார இறுதியை இதற்கென்றே ஒதுக்குவதை யாரும் தவிர்க்கக் கூடாது.

உடலுக்கு வந்தால், உருக்குக் குழாயின் பகை உள்ளேயிருந்து வரும் துரு. வால்சக்கரம் வைத்த விமானம் நிற்கும்போது வால் தாழ்ந்திருப்பதால், உள்ளே புகுந்த ஈரமெல்லாம் அடிநீளக் குழாய்களின் பின்முனையில்தான் தங்கும். குழாயின் கனம் சுமார் 0.9 மில்லிமீட்டர், அதில் பாதியைத் துரு தின்றால் வெளியே சாயம் கூட உரியாமல் இருக்கும். கூர்முனைக் கம்பியால் அழுத்திப் பார்த்துக் குழிந்தால், அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிய குழாயை வைத்து, மேலே ஓர் உறைக்குழாய் செருகி, அதன் முனைகளை மீன்வாய் போல வெட்டி வெல்டிங் செய்ய வேண்டும். மீன்வாய் வெட்டு அழகுக்காக அன்று. வெல்டிங்கால் உருக்கின் தன்மை மாறும் பகுதி குழாயைச் சுற்றி ஒரே வட்டமாக அமையாமல் சரிவாகப் பரவுவதற்காக. முடிந்ததும் குழாய்க்குள் சூடான ஆளிவிதை எண்ணெயை ஊற்றி, சுழற்றி, வடித்து, துளையை அடைத்துவிட வேண்டும். இந்த வேலையில் எனக்குப் பழக்கம் உண்டு என்பதால் முதல் வழியின் மீது எனக்கு ஒரு சாய்வு இருந்திருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

துணி போர்த்துவது பொறுமை வேலை, ஆபத்து வேலை அன்று. பாலியெஸ்டர் துணியை ஒட்டி, இஸ்திரிப்பெட்டியால் முதலில் சுமார் 120 டிகிரி செல்சியஸிலும் கடைசியாக 175 டிகிரிக்குச் சற்று மேலும் சூடுகாட்டி இறுக்குகிறோம். இஸ்திரிப்பெட்டியின் திருகில் போட்டிருக்கும் குறியை நம்பாமல் வெப்பமானி வைத்துச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். சூடு மிகுந்தால் துணி தன் இறுக்கத்தை இழந்துவிடும்.

எஞ்சினில் ஓர் ஆறுதல் இருந்தது. ஏழு ஆண்டு ஓடாமல் நின்ற எஞ்சினில் துருவுக்கு அஞ்சும் முதல் உறுப்பு, வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட். லைகாமிங் என்ற மற்றொரு நிறுவனத்தின் எஞ்சின்களில் அது, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருப்பதால் எண்ணெய் வடிந்து காய்ந்துவிடும். ஓ-200-இல் அது கீழே இருப்பதால் நிலைமை சற்று மேல். ஆனாலும் பிரித்துப் பார்க்காமல் பந்தயத்துக்குப் போவதை நான் ஏற்க மாட்டேன். பந்தயத்தில் இந்த எஞ்சின் 2,750-இல் ஓடுவதில்லை. 4,000 சுற்றை ஒட்டி ஓடுகிறது. பிஸ்டனும் கனெக்டிங் ராடும் இழுக்கும் விசை சுற்றெண்ணின் இருமடிப்படி ஏறுவதால், அந்த உறுப்புகள் வடிவமைப்பு வேகத்தில் தாங்குவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் தாங்க வேண்டியிருக்கிறது. கிராங்க்ஷாஃப்டைக் காந்தத்துகள் சோதனைக்கு அனுப்புவதும், ராடு போல்ட்டுகளைப் புதிதாக்குவதும் எந்த வழியைத் தேர்ந்தாலும் தவிர்க்க முடியாத செலவுகள்.

இத்தனைக்கும் எங்கள் மதிப்பீடு: உருக்கு வேலை 60 மணி, துணியும் சாயமும் 130, எஞ்சின் 80, கட்டுப்பாட்டுக் கம்பிகளும் பிரேக்கும் சக்கரங்களும் 50, கசிவடைப்பும் எஞ்சின் மூடியும் 60. கூட்டினால் 380. மிச்சம் 28 மணி, அதையும் கதவில் எழுதினோம். இது வசதியான மிச்சம் அன்று.

கசிவடைப்பு என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டதைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் முதல் வழியில் வேகம் வருவதே அங்கிருந்துதான். தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப்படி ஏறுகிறது. எனவே எஞ்சினில் எப்படியோ 10 விழுக்காடு கூடுதல் திறனைப் பிழிந்தாலும் வேகம் 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான் கூடும். காற்றின் இழுவையில் 10 விழுக்காட்டைக் குறைத்தால் 3.5 விழுக்காடு கூடும், மணிக்கு 220 மைல் வேகத்தில் அது கிட்டத்தட்ட 8 மைல். எஞ்சினைக் குளிர்விக்க நுழையும் காற்று சிலிண்டர்களின் இடையே போகாமல் தடுப்புத் தகடுகளின் ஓரத்தில் வீணே நழுவுவது, இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடான எய்லரானின் இடுக்கில் கீழிருந்து மேலே ஊதுவது, கண்ணாடி மூடியின் விளிம்பில் சீறுவது, இறக்கை உடலோடு சேரும் மூலையில் சுழல்வது என்று ஒரு பழைய காஸட்டில் இழுவை ஒளிந்திருக்கும் இடங்கள் பல. ரப்பர்ப் பட்டையும் நாடாவும் மணல்தாளும் கொண்டு செய்யும் இந்த வேலைக்குப் பெருமை கிடைக்காது. ஆனால் செலவழிக்கும் மணிக்கு இத்தனை வேகம் தரும் வேலை வேறொன்று இல்லை.

இரண்டாவது வழியான புதிய இறக்கை, கணக்கில் மிகக் கவர்ச்சியானது. என் நண்பரின் மனம் அங்கேதான் இருந்தது. பந்தயப் பாதை என்பது இரண்டு நேர்ப்பகுதிகளும் இரண்டு திருப்பங்களும் கொண்ட சிறு நீள்வட்டம். 220 மைல் வேகத்தில் 3.5 ஜி (புவியீர்ப்பைப் போல மூன்றரை மடங்கு) இழுத்துத் திரும்பும்போது வளைவின் ஆரம் 300 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த நேரத்தில் இறக்கை விமானத்தின் எடையைப் போல மூன்றரை மடங்கைத் தூக்குகிறது. தூக்குவதற்கு விலையாகச் செலுத்தும் இழுவை அதன் இருமடியாக, 12 மடங்குக்கு மேல் ஏறுகிறது. நேர்ப்பகுதியில் மொத்த இழுவையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத இந்தப் பகுதி, திருப்பத்தில் மற்ற எல்லா இழுவையையும் சேர்த்த அளவுக்கு வளர்ந்து, மொத்தத்தைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கிவிடுகிறது. இந்த விலை இறக்கை நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். அதே 66 சதுர அடியை 15 அடிக்குப் பதிலாக 20 அடி நீளத்தில் ஒடுக்கி அமைத்தால், அது 44 விழுக்காடு குறைகிறது. திருப்பத்தின் மொத்த இழுவை நான்கில் ஒரு பங்கை ஒட்டிக் குறைகிறது. என் தோராயக் கணக்கில் பிழை இருந்தாலும் திசையில் பிழை இல்லை.

ஆனால் அந்த இறக்கைக்கு முதலில் அச்சுச் சட்டம் கட்ட வேண்டும், பிறகு ஸ்பார், பிறகு தோல், பிறகு எய்லரான்கள், அவற்றின் எடைச் சமன்பாடு. எங்கள் இருவருக்கும் இது, இழையும் பிசினும் சேர்ந்த கலவைப்பொருளால் கட்டும் முதல் இறக்கையாக இருக்கும் என்பதையும் சேர்த்தால், 700 மணிக்குக் குறையாது என்று மதிப்பிட்டேன். நண்பர் 500 என்றார். எவருடைய எண்ணை எடுத்தாலும் 408-க்குள் அடங்கவில்லை, உடலையும் எஞ்சினையும் இன்னும் தொடவே இல்லை. கட்டி முடித்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது என்பது இன்னும் பெரிய தடை. மெல்லிய நீண்ட இறக்கை முறுக்கத்தில் தளர்வாக இருந்தால், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் எய்லரானும் இறக்கையும் ஒன்றையொன்று தூண்டிப் படபடக்கத் தொடங்கி, நொடிக்கணக்கில் உடைந்துவிடக்கூடும். அந்த வேகம் பந்தய வேகத்துக்கு மேலே பாதுகாப்பான தொலைவில் இருக்கிறது என்பதைத் தரையில் அதிர்வுச் சோதனையாலும் வானில் ஐந்து ஐந்து மைலாக வேகத்தைக் கூட்டியும் உறுதிசெய்ய வேண்டும். காஸட் போன்ற சொந்தக் கட்டுமான விமானங்கள் சேரும் பரிசோதனை வகையில் இத்தகைய பெருமாற்றத்துக்குப் பின் குறைந்தது ஐந்து மணிச் சோதனைப் பறப்பு என்பது இயக்க வரையறைகளில் வழக்கமாகக் காணும் விதி. ஆனால் அந்த ஐந்து மணி தாளுக்கான எண். இந்த இறக்கையோடு மனம் ஒன்றிப் பறக்க எனக்கென்றால் முப்பது மணி தேவைப்படும். பைலானை 50 அடி உயரத்தில் பிற விமானங்களோடு சுற்றுபவர், தன் இறக்கையைப் பற்றி ஒரு கேள்விகூட மனத்தில் வைத்திருக்கக் கூடாது.

மூன்றாவது வழியை, சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் ஏளனமாகப் பார்ப்பது வழக்கம். ‘வாங்கி ஓட்டுவதில் என்ன இருக்கிறது’ என்பார்கள். செப்டம்பரில் பந்தயத்தில் பறப்பதுதான் ஒரே குறிக்கோள் என்றால், இதுவே மூன்றிலும் அறிவுள்ள வழி என்பதை நான் தயங்காமல் சொல்வேன். நேற்று வரை 240 மைலுக்கு அருகில் ஓடிய விமானம், தன் சோதனைகளையெல்லாம் முடித்த விமானம், மே மாதம் முழுவதையும் பறப்பதற்கே விட்டுவிடுகிறது. ஆகவே விற்பனைக்கு வந்த ஒன்றைப் பார்க்க ஒரு நாள் காரில் போனோம். குறிப்பேடுகள் ஒழுங்காக இருந்தன, எஞ்சினின் அழுத்தச் சோதனை நன்றாக இருந்தது, இறக்கைப் பூச்சில் விரல் வழுக்கியது. பிறகு நண்பர் உள்ளே உட்கார்ந்தார். அவர் ஆறடி உயரம். முந்தைய உரிமையாளர் தன் அளவுக்குக் கண்ணாடி மூடியைத் தாழ்த்தி, மிதிகளை அந்த இடத்திலேயே வெல்டிங் செய்திருந்தார். முழங்கால் கருவிப்பலகையில் இடித்தது. தலைக்கவசத்தோடு மூடியை இறக்கியபோது அது நான்கு விரற்கடை மேலேயே நின்றுவிட்டது. நண்பர் கழுத்தைக் கோணலாகச் சாய்த்துக்கொண்டு, “இப்படியே எட்டுச் சுற்றுச் சுற்றிவிடலாம், என்ன சொல்கிறீர்கள்?” என்றார். உரிமையாளர் சிரிக்கவில்லை.

பந்தய விமானம் ஒருவர் உடம்புக்குத் தைத்த சட்டை. வாங்க நினைப்பவர் விலையைப் பேசுவதற்கு முன் உட்கார்ந்து பார்க்க வேண்டும், தலைக்கவசத்தோடும் பாராசூட்டோடும். மூடியை உயர்த்துவதும் மிதிகளை மாற்றுவதும் நடக்கக்கூடியவைதான், ஆனால் அப்போது வாங்கியதன் பயனான நேரமே கரைந்துபோகிறது. பொருந்துகிற விமானம் வேறொன்று கிடைத்திருந்தால், காஸட்டைத் தொடாமல் விட்டுவிடும்படி நான் வற்புறுத்தியிருப்பேன்.

புரொப்பெல்லரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. இந்தப் பிரிவில் எட்டு விமானங்கள் ஓடுபாதையில் நின்ற நிலையிலிருந்து புறப்படுகின்றன. இதழ்க்கோணத்தை உச்ச வேகத்துக்கென்று செங்குத்தாக வைத்தால் புறப்பாட்டில் எஞ்சின் மூச்சுத் திணறும். புறப்பாட்டுக்கென்று தட்டையாக வைத்தால் முதல் திருப்பத்துக்குப் பின் பின்தங்கும். விமானத்தோடு வந்த புரொப்பெல்லர் இரண்டுக்கும் நடுவில் இருந்தது, அதை மாற்றுவதைப் பற்றி இந்த ஆண்டு யோசிப்பதில்லை என்று முடிவுசெய்தோம்.

இறுதியில் முதல் வழியைத் தேர்ந்தோம், ஒரு நிபந்தனையோடு: ஏப்ரல் 30-க்குள் விமானம் பறக்காவிட்டால் இந்தச் செப்டம்பரை விட்டுவிடுவது, எதற்காகவும் அவசரப்படுவதில்லை. இந்த விமானம், வேகம் மிகுந்தவற்றுக்கான தங்க அணியில் ஓடாது. வெண்கல அணியின் நடுவில் எங்கோ ஓடும், கசிவடைப்பு கைகொடுத்தால் வெள்ளி அணியின் கடைசியை எட்டிப் பிடிக்கலாம். நண்பருக்கு இது முதலில் கசந்தது. புதிய இறக்கையின் வரைபடங்களை அவர் தூக்கி எறியவில்லை. ஹேங்கர்ச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார், பந்தயம் முடிந்த அக்டோபரில் அச்சுச் சட்டம் தொடங்கலாம் என்று.

சென்ற சனிக்கிழமை வால்பகுதியின் துணியை உரித்தோம். இடப்பக்க அடிநீளக் குழாயில், வால்தூணுக்கு ஒரு சாண் முன்னால் கம்பிமுனை உள்ளே போனது. இழுத்தபோது முனையில் செம்பழுப்புத் தூள் ஒட்டியிருந்தது. வலப்பக்கம் அதே இடத்தில் அழுத்திப் பார்த்தோம், அங்கும் போனது. ஒரு பக்கத்துக்கு மட்டுமே கணக்கு வைத்திருந்தேன். கூடுதல் ஒன்பது மணி. நண்பர் கதவருகே போய், 28-ஐ உள்ளங்கையால் அழித்துவிட்டு 19 என்று எழுதினார்.